சனி, ஞாயிறு காவிரி

கூடாரம், அடுப்பு சகிதம் வேன் ஏறி, காட்டுக்குள் ஓடும் ஆற்றங்கரையில் ஓர் இரவைக் கழிக்கப் போகிறார்கள் பெங்களூர்வாசிகள். அவர்கள் தேடிப் போவது தங்கள் வீட்டுக் குழாயில் வந்துகொண்டிருக்கும் ஆற்றைத்தான்.

சனிக்கிழமை விடியற்காலை. பெங்களூர் பனசங்கரியில் கனகபுரா சாலை தொடங்கும் இடத்தில் டெம்போ டிராவலர் வேன்கள் புறப்படத் தயாராக நிற்கின்றன. கூரைமேல் சுருட்டிய கூடாரங்கள், பாய்கள், கரி படிந்த அலுமினியக் குண்டான். உள்ளே கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர்கள், அல்லது தாத்தா பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை ஒரு முழுக் குடும்பம். கடைசி சீட்டுக்கு அடியில் இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள் நான்கைந்து. ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் கேனில் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். இதில் யாருக்கும் வியப்பு இல்லை.

சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவு. கனகபுராவைத் தாண்டினால் கட்டடங்கள் குறைந்து மல்பெரித் தோட்டங்களும் கேழ்வரகு வயல்களும் வருகின்றன. சாத்தனூர், ஹலகூர் என்று சாலை தெற்கே இறங்க இறங்கக் காற்றில் வெப்பம் ஏறுகிறது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் நகரத்திலிருந்து காவிரிப் பள்ளத்தாக்குக்கு இறங்கும் சாலை இது.

இதே தடத்தில் எதிர்த் திசையில் ஒரு பயணம் இரவும் பகலும் நடக்கிறது. மளவள்ளி வட்டத்தில் உள்ள தொரேகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்படும் காவிரி நீர், ஹாரோஹள்ளி, தாதகுணி ஆகிய இடங்களில் மறுபடி மறுபடி பம்ப் செய்யப்பட்டு, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு பெங்களூருக்குப் போகிறது. 1974இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. அந்த ஒரு கட்டத்தின் திறன் மட்டும் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். வேனுக்குள் பாட்டு அலறும்போது, சாலையோரம் ராட்சதக் குழாய்களில் நகரத்தின் குடிநீர் சத்தமில்லாமல் மலையேறிக்கொண்டிருக்கிறது.

இரண்டாகப் பிரியும் ஆறு

வேன்களின் முதல் நிறுத்தம் பெரும்பாலும் சிவசமுத்திரம். இங்கே காவிரி இரண்டாகப் பிரிந்து ஒரு தீவைச் சுற்றிக்கொண்டு போய், ஏறக்குறைய 300 அடி இறங்குகிறது. மேற்குக் கிளை ககனசுக்கி அருவி. கிழக்குக் கிளை பரசுக்கி அருவி. தீவில் ரங்கநாதர் கோயில் கொண்டிருக்கிறார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆதிரங்கம், ஸ்ரீரங்கத்தில் அந்தியரங்கம், நடுவில் இது மத்தியரங்கம் என்பது பக்தர்கள் போடும் கணக்கு.

ஜூலை, ஆகஸ்டில் குடகில் மழை வலுத்து அணைகள் திறக்கப்பட்டால் பாறையே தெரியாமல் வெள்ளை வெளேரென்று கொட்டும். கோடையில் வருபவர்களுக்கோ ஏமாற்றம். கறுத்த பாறைகளுக்கு இடையே சில கீற்றுகள் மட்டும் வழிந்துகொண்டிருக்கும். மழையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இந்த அருவிக்கு வேறு வேலை கொடுத்து நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் காலத்தில் திட்டமிடப்பட்ட நீர்மின் நிலையம் 1902இல் இங்கே இயங்கத் தொடங்கியது. முதல் மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியே கோலார் தங்கச் சுரங்கங்களுக்குப் போனது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். பின்னாளில் குடிநீரும் சேர்ந்துகொண்டது. நகரத்துக்கான நீர் அருவிக்குச் சற்று மேலே உள்ள அணைக்கட்டிலிருந்து திருப்பப்படுகிறது. மிஞ்சியதுதான் படம் எடுத்துக்கொள்ள.

கரையில் ஓர் இரவு

அருவியிலிருந்து இறங்கும் ஆறு அதன்பின் சாலைகளை விட்டு விலகிக் காட்டுக்குள் நுழைகிறது. அந்தக் கரையில் இருக்கிறது முத்தத்தி. நீராடும்போது சீதையின் முத்து மூக்குத்தி ஆற்றில் விழ, அனுமன் தன் வாலால் துழாவி எடுத்துக் கொடுத்தார் என்று தலபுராணம் சொல்கிறது. அனுமன் கோயிலுக்கு எதிரே படித்துறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் திருவிழாக் கூட்டம். அமைதியாகத் தெரியும் நீருக்கு அடியில் சுழல்களும் பாறைப் பிளவுகளும் உண்டு. எச்சரிக்கைப் பலகையைப் பார்த்த பிறகும் இறங்கி உயிரை விட்டவர்கள் பலர்.

இதே ஆற்றங்கரையில்தான் பீமேஸ்வரி, தொட்டமக்கலி, காலிபோரே. இந்த ஆற்றுத்துண்டைச் சுற்றிய காடு 1987இல் காவிரி வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, பின்னர் சுமார் 1,027 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. எனவே நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. அனுமதியின்றிக் கரையில் தங்குவது சட்டப்படி குற்றம். கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் அண்ட் ரிசார்ட்ஸ் நிறுவனம் நடத்தும் முகாம்களில் முன்பதிவு செய்துகொண்டுதான் வர வேண்டும். வீட்டிலிருந்து சுமந்துவந்த கூடாரத்தை வேனிலேயே விட்டுவிட்டு, முகாமின் கித்தான் கூடாரத்தில் கட்டிலில் படுக்க வேண்டியதாகிறது. முதலில் முகம் சுளிப்பவர்கள்கூட இரவில் யானை பிளிறும் ஓசை கேட்டதும் அந்த ஏற்பாட்டுக்கு நன்றி சொல்வார்கள்.

மாலை நான்கு மணிக்கு மேல்தான் ஆற்றங்கரை அழகு. கரை நெடுக மருத மரங்கள். அவற்றின் உச்சியில் கிளைக்குக் கிளை தாவும் சாம்பல் நிற மலை அணில்கள். பாறையில் மரக்கட்டை மாதிரி கிடந்து, பரிசல் நெருங்கியதும் நழுவி நீருக்குள் இறங்கும் முதலை. அதிர்ஷ்டம் இருந்தால் கும்பலாக மீன் விரட்டும் நீர்நாய்கள். மூங்கில் கூடைமேல் எருமைத் தோல் போர்த்திய பழைய பரிசல்கள் அருகிவிட்டன. தோலின் இடத்தைப் பிளாஸ்டிக்கும் ஃபைபரும் பிடித்துக்கொண்டன. ஆனால் ஒற்றைத் துடுப்பால் பரிசலைப் பம்பரமாகச் சுற்றிவிட்டுப் பயணிகளை அலற வைக்கும் விளையாட்டு மாறவில்லை.

இருட்டியதும் ஆற்றின் சத்தம் மட்டும். 1990களில் இந்த இருட்டுக்கு இன்னோர் அர்த்தம் இருந்தது. இரு மாநிலப் போலீசும் வீரப்பனைத் தேடி அலைந்த மலைகள் இவை. 2004 அக்டோபரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் பலருக்கு இந்தப் பக்கம் குடும்பத்தோடு வரும் துணிச்சல் வந்தது.

மீன் சொன்ன சேதி

இந்த முகாம்கள் பிறந்தது வேன் பயணிகளுக்காக அல்ல, ஒரு மீனுக்காக. மகசீர் என்ற இந்தப் பெரிய நன்னீர் மீன் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. 1946இல் மைசூரின் புகழ்பெற்ற விலங்குப் பதனக் குடும்பத்தைச் சேர்ந்த வான் இங்கன் கபினி ஆற்றில் தூண்டிலில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. அதன்பின் வெடி வைத்து மீன் பிடிப்பது பெருகி, அந்த மீன் அழிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். 1970களின் பிற்பகுதியில் உலகம் சுற்றி வந்த மூன்று ஆங்கிலேயத் தூண்டிற்காரர்கள் காவிரியில் ராட்சத மகசீர்களைப் பிடித்துக் காட்டியதும் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆற்றங்கரையில் கூடாரங்கள் முளைத்தன.

கேழ்வரகு மாவு உருண்டைதான் தூண்டில் இரை. மீனைப் பிடித்து, எடை பார்த்து, படம் எடுத்து, உயிரோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது விதி. சுற்றுக் கிராமத்து ஆட்கள் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் அமர்த்தப்பட்டார்கள். முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களும் அவர்களில் உண்டு. ஆட்கள் நடமாடும் கரையில் வெடிச் சத்தம் குறைந்தது.

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிலைமை மாறியது. சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைதான் என்ற நிலைப்பாடு வந்தது. தூண்டில்கள் சுருட்டப்பட்டன. பிடித்துவிட்டு விடுவது கருணையா, கொடுமையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

ஆனால் தூண்டிற்காரர்கள் விட்டுப்போன குறிப்பேடுகள் வேறொரு கதையைச் சொல்லின. காலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை பிடிபட்ட மீன்களின் கணக்கை ஆட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகிய ஆய்வாளர்கள் அலசினார்கள். மகசீரின் எண்ணிக்கை கூடித்தான் இருந்தது. ஆனால் கூடியது நீலத் துடுப்பு மகசீர். அது காவிரியின் சொந்த மீன் அல்ல. லோனாவாலா பண்ணையில் பொரித்த குஞ்சுகளைக் கொண்டுவந்து, மீன்வளம் பெருகட்டும் என்ற நல்லெண்ணத்தில் ஆற்றில் விட்டார்கள். காவிரிக்கே உரிய, ஆரஞ்சு நிறத் துடுப்பும் திமில் மாதிரி முதுகும் கொண்ட பெரிய மகசீர் அதே காலத்தில் அருகிப் போயிருந்தது. 2018இல்தான் அதன் அறிவியல் பெயரே உறுதியானது: டோர் ரெமாதேவி. அதே ஆண்டு, மிகவும் அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலில் அது ஏறியது. இன்று அதற்கு மிஞ்சிய முக்கியப் புகலிடம் நீலகிரி அடிவாரத்து மோயாறு.

ஆற்றைக் கெடுக்க வெடிமருந்துதான் வேண்டும் என்பதில்லை. நல்லெண்ணமும் போதும் என்பதை இந்த மீனைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

சங்கமத்தில் நகரம்

மறுநாள் வேன் மேலேறிச் சுற்றுவழியில் சங்கமத்துக்கு வருகிறது. நந்தி மலையில் பிறக்கும் அர்க்காவதி இங்கே காவிரியில் கலக்கிறது. ஒரு காலத்தில் பெங்களூருக்குக் குடிநீர் கொடுத்த ஆறு அர்க்காவதி; 1933இல் அதன் குறுக்கே திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. இன்று நகரத்தின் கழிவுநீரைச் சுமக்கும் விருஷபாவதி, கனகபுராப் பக்கம் அர்க்காவதியில் சேர்கிறது. அருவிக்கு மேலே எடுத்த தண்ணீரின் ஒரு பகுதியை, குடித்துக் குளித்துக் கழுவிய பிறகு, நகரம் இந்த வழியாகத்தான் காவிரிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. கேன் தண்ணீர் ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு விடை இங்கே முழங்கால் ஆழத்தில் ஓடுகிறது.

ஆற்றைக் கடந்து சில கிலோமீட்டர் போனால் மேகதாது. பரந்து வந்த காவிரி, பாறையைக் குடைந்துகொண்டு ஒடுங்கிய பிளவுக்குள் சீறிப் பாய்கிறது. புலி துரத்திய ஆடு ஒன்று ஒரே தாவாகத் தாண்டியதாம். அதனால் ஆடுதாண்டும் காவிரி. வழுக்கும் பாறை விளிம்பில் செல்பி எடுப்பவர்களைக் காவலர்கள் விசிலடித்து விரட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெயர் சுற்றுலாவால் அறிமுகமானதல்ல. இங்கே சுமார் 67 டி.எம்.சி. கொள்ளளவில் அணை கட்டி, பெங்களூரின் குடிநீருக்கும் 400 மெகாவாட் மின்சாரத்துக்கும் பயன்படுத்த வேண்டும் என்பது கர்நாடகத்தின் திட்டம். கீழே வரும் தண்ணீர் தடைபடும் என்பது தமிழ்நாட்டின் எதிர்ப்பு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கு 177.25 டி.எம்.சி. என்று முடிவு செய்தது. அந்தத் தீர்ப்பிலேயே பெங்களூருக்கென்று 4.75 டி.எம்.சி. கூடுதலாகக் கிடைத்தது. கீழே எல்லையில் பிலிகுண்டுலு அளவை நிலையத்தில் ஒவ்வொரு கனஅடியும் எண்ணப்படுகிறது. 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் பெங்களூரில் எரிந்ததும் இந்த ஆற்றுக்காகத்தான்.

நகரத்தின் தாகம் பொய்யல்ல. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. ஆனால் இரு மாநிலச் சண்டையில் மூன்றாவது தரப்பு ஒன்றின் குரல் அமுங்கிப் போகிறது. அணை வந்தால் ஏறக்குறைய 5,000 ஹெக்டேர் காட்டு நிலம் மூழ்கும். அதில் சங்கமம் அடங்கும், முத்தத்தி அடங்கும். யானைகள் தண்ணீருக்கு இறங்கும் தடங்களும், மருத மரங்களும், வேன் பயணிகள் கால் நனைக்கும் மணல் திட்டுகளும் போகும். அக்கரையில் தமிழ்நாடு 2014இல் காவிரி வடக்கு சரணாலயத்தையும் 2022இல் காவிரி தெற்கு சரணாலயத்தையும் அறிவித்திருக்கிறது. யானைக்கு மாநில எல்லை தெரியாது. நீர்த்தேக்கத்தின் அகலம் தெரியும்.

கிளம்ப நினைப்பவர்களுக்கு மழை ஓய்ந்த மாதங்கள் நல்லவை. வெள்ளக் காலத்தில் பரிசல் ஓடாது. ஆற்றில் நீந்த வேண்டாம். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். இருட்டுவதற்கு முன் காட்டுச் சாலையை விட்டு வெளியேறிவிடுங்கள்.

ஞாயிறு மாலை வேன்கள் மறுபடி கனகபுரா சாலையில் ஏறுகின்றன. கேன்கள் காலி, பிள்ளைகள் தூக்கத்தில். வீடு சேர்ந்ததும் முதல் வேலையாகக் குழாயைத் திறந்து காலில் ஒட்டிய மணலைக் கழுவுவார்கள். அந்தத் தண்ணீரும் இதே சாலையோரமாக, அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கும்.