அம்மாக்களின் சந்தையில் ஓர் இடம்

கோத்தா பாருவின் சித்தி கதீஜா சந்தைக்குப் போனவர்களுக்குப் பெண்கள் கோலோச்சும் சந்தை புதிதல்ல. ஆனால், இந்தியாவின் வடகிழக்கு மூலையில், மணிப்பூரின் தலைநகர் இம்பாலில் உள்ள சந்தை அதையும் மிஞ்சியது. அங்கே ஆண்கள் கடை போடவே முடியாது. மூட்டை தூக்கலாம், பொருள் வாங்கலாம், அவ்வளவுதான். சந்தையின் பெயர் 'இமா கெய்தெல்'. மணிப்புரி மொழியில் இமா என்றால் அம்மா. கெய்தெல் என்றால் சந்தை.

நகரின் நடுவே மூன்று பெரிய கட்டடங்கள். உள்ளே வரிசை வரிசையாக உயர்த்திக் கட்டிய திண்ணைகள். ஒவ்வொன்றிலும் 'பனெக்' என்ற கைலி போன்ற உடை கட்டி, மேலே மெல்லிய துண்டு போர்த்திய பெண்கள், சுற்றிலும் சரக்கைப் பரப்பி உட்கார்ந்திருக்கிறார்கள். கறுப்பு அரிசி, மூங்கில் குருத்து, தாமரைத் தண்டு, நாக்கைச் சுடும் மோரோக் மிளகாய், கோரைப்பாய், கைத்தறித் துணி என்று எல்லாம் உண்டு. மீன் பகுதிக்குப் போனால் 'ஙாரி' என்ற புளிக்க வைத்த மீனின் வாடை வரவேற்கும். பிளாச்சான் வாடைக்குப் பழகிய நமக்கு அது பெரிய விஷயமில்லை! இப்படி 3,000க்கும் மேற்பட்ட பெண்கள் இங்கே வியாபாரம் செய்கிறார்கள்.

மன்னராட்சிக் காலத்தில் 'லல்லுப்' என்ற முறைப்படி ஆண்கள் முறைவைத்து அரசு வேலைக்கும் போருக்கும் போக வேண்டியிருந்தது. வயலும் வியாபாரமும் பெண்கள் கைக்கு வந்தன. அந்த நாளில் பிடித்த தராசை அவர்கள் இன்றுவரை விடவில்லை. 1939-இல் ஊரில் அரிசித் தட்டுப்பாடு இருந்தபோதும் வியாபாரிகள் அரிசியை வெளியே ஏற்றுமதி செய்தார்கள். டிசம்பர் 12 அன்று பெண்கள் திரண்டு ஆங்கிலேய அதிகாரியைத் தந்தி அலுவலகத்திலேயே மறித்தார்கள். சிப்பாய்களின் தாக்குதலில் பலர் காயமடைந்தனர். பிறகு பெண்கள் சந்தையையே புறக்கணித்தார்கள். 'நுபி லான்', அதாவது பெண்களின் போர் என்று அந்த நாள் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

துணிச்சலுக்கும் கணக்கு வழக்குக்கும் பஞ்சமில்லாத இடம். ஊரும் இவர்களை மதிக்கிறது. அப்படியென்றால் இவர்களுக்கு என்னதான் தடை?

முதல் தடை, உட்காரும் இடம். திண்ணையில் உட்கார உரிமம் வேண்டும். மரபுப்படி அது திருமணமான பெண்களுக்குரியது. மாமியாரிடமிருந்து மருமகளுக்கு, தாயிடமிருந்து மகளுக்கு என்று குடும்பத்துக்குள்ளேயே கைமாறுவது வழக்கம். உரிமம் இல்லாதவர்கள் வெளியே சாலையோரத்தில் கூடை வைத்து விற்கிறார்கள். மழையும் வெயிலும் ஒருபக்கம். "எழுந்து போ" என்று விரட்டும் அதிகாரிகள் மறுபக்கம். ஒரே சந்தையில் கூரைக்கு உள்ளே ஒரு நியாயம், வெளியே ஒரு நியாயம்.

இரண்டாவது, முதல். வங்கிக்குப் போனால் அடமானம் கேட்கிறார்கள். வீடும் நிலமும் பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருக்கின்றன. தினமும் காசு புரட்டும் பெண்ணிடம் காட்டுவதற்கு ஒரு பத்திரம் இல்லை. அதனால் வட்டிக்காரரிடம் போகிறார்கள், அல்லது 'மருப்' சேர்கிறார்கள். மருப் என்பது நம் பெண்கள் போடும் கூட்டுதான். ஆளுக்குக் கொஞ்சம் கட்டி, முறைவைத்து மொத்தமாக எடுப்பது. நம்பிக்கையில் ஓடும் அது அவசரத்துக்கு உதவும். ஆனால் கடையைப் பெரிதாக்கும் அளவுக்குப் பணம் தராது.

மூன்றாவது தடை பாதை. 2016 ஜனவரி 4 அன்று வந்த நிலநடுக்கம் புதுக் கட்டடங்களையே விரிசல் காண வைத்தது. 2020 மார்ச்சில் கோவிட் சந்தையைப் பூட்டியது. மியன்மார் எல்லையில் உள்ள மோரே ஊரின் வாசலும் அடைபட்டது. அந்த மோரேயில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, கோயிலும் இருக்கிறது. 1962 ராணுவப் புரட்சிக்குப் பிறகு பர்மாவை விட்டு வெளியேற வேண்டியிருந்த தமிழர்களில் சிலர் அங்கேயே தங்கி வியாபாரத்தில் ஊன்றினார்கள். அங்கிருந்து வந்த எல்லைச் சரக்கு இம்பாலில் விற்றது. 2023 மே 3-இல் மைத்தேயி, குக்கி மக்களிடையே வெடித்த கலவரம் மலையையும் சமவெளியையும் பிரித்துவிட்டது. நெடுஞ்சாலை அடைபட்டால், மலையில் விளைந்த காய் சந்தைக்கு வராது. அன்றைக்கு வாங்கி அன்றைக்கு விற்பவளுக்குச் சேமிப்பு ஏது? ஒரு வாரம் கடை மூடினால், அடுத்த வாரத்துக்கான முதல் சாப்பாட்டுக்கே கரைந்துவிடும்.

பெண்ணுக்குத் துணிவு வந்துவிட்டால் தொழில் தானாக வளரும் என்று மேடைதோறும் பேசுகிறோம். இமா கெய்தெல் பெண்களிடம் துணிவு தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. இல்லாதது அவர்கள் பெயரில் ஒரு பத்திரமும், நியாயமான வட்டிக்கு ஒரு கடனும், திறந்திருக்கும் ஒரு சாலையும். இவற்றை அவர்கள் தனியாக உண்டாக்க முடியாது. அரசும் வங்கியும் வீட்டாரும் தர வேண்டியவை.

தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் ஆர்டர் எடுக்கும் அக்காவோ, காலையில் நாசி லெமாக் விற்கும் அத்தையோ உங்கள் வீட்டிலும் இருக்கலாம். "வியாபாரம் எப்படிப் போகுது?" என்பதோடு நிறுத்தாமல், உரிமம் யார் பெயரில் இருக்கிறது, முதலுக்கு யாரிடம் கடன் வாங்கினார், உடம்புக்கு முடியாத நாளில் என்ன செய்கிறார் என்றும் கேட்டுப் பாருங்கள். அவர் தொழிலில் எங்கே முட்டி நிற்கிறார் என்பது அந்தப் பதில்களில் தெரிந்துவிடும்.