நயினார் வீடு எது?

திண்டிவனம் – செஞ்சி சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போனால் மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இங்கேதான் இருக்கிறது. பார்சுவநாதர் கோயிலின் உயர்ந்த கோபுரமும், அதன் முன்னே நிற்கும் மானஸ்தம்பமும் ஊருக்கு அழகு. பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்களோடு பாகுபலியும் அம்பிகா யட்சியும் மலைநாதர் கோயிலில் காட்சி தருகிறார்கள்.

இந்தப் பக்கத்துச் சமணர்கள் பலரின் பெயருக்குப் பின்னால் 'நயினார்' என்று வரும். தலைவர், பெரியவர் என்று பொருள். 'நீலகேசி'யைப் பதிப்பித்த பேராசிரியர் அ.சக்கரவர்த்தி நயினார், திண்டிவனம் அருகே உள்ள வீடூர்க்காரர்.

மரியாதைச் சொல்லுக்கு மதம் ஏது? சித்ரா பௌர்ணமியில் சித்திரகுப்தனை வேண்டி இருப்பது 'நயினார் நோன்பு'. பரமக்குடி பக்கம் நாகநாத சுவாமி குடியிருக்கும் ஊர், நயினார்கோவில். சென்னைப் பல்கலைக்கழக அரபுப் பேராசிரியராக இருந்தவர் முகம்மது உசேன் நயினார். தெற்கே முஸ்லிம் குடும்பங்களிலும் இந்தப் பெயர் உண்டு.

மேல்சித்தாமூரில் பேசிக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "எங்க பிள்ளைங்க இப்ப 'ஜெயின்'னு போட்டுக்கறாங்க. பார்க்கிறவங்க, 'எப்போ வடக்கேயிருந்து வந்தீங்க?'ன்னு கேட்கறாங்க. இரண்டாயிரம் வருஷமா இங்கேதான் இருக்கோம். வீட்டில பேசறதும் தமிழ்தான். 'நயினார்'னு இருந்தவரைக்கும் அந்தக் கேள்வியே வந்ததில்லீங்க."

திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வியே மனதில் ஓடியது. ஒரு சிறு பெயர்தான். ஆனால், இந்த மண்ணுக்கு அதுதானே பட்டா!