ஆச்சியின் வளவில் நத்தார்

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கியதால், யாழ்ப்பாணத்து வலிகாமமே கிளம்பி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. கொட்டும் மழை. குருநகரில் வீட்டையும் தோணியையும் விட்டுவிட்டு வந்த அப்பா, வலையில் ஒரு துண்டை மட்டும் சைக்கிள் கரியரில் கட்டியிருந்தார். தென்னங்காணிக்குள் வலை எதற்கென்று அம்மா வழிநெடுகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

தென்மராட்சியின் கொடிகாமத்தில் ஓர் ஆச்சியின் வளவில் கொட்டில் போட்டோம். டிசம்பர் 5 யாழ்ப்பாணத்தில் இராணுவம் கொடியேற்றியதை அங்கிருந்துதான் அறிந்தோம். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றினால், டைனமோவில் றேடியோ பாடும். சுற்றுபவரின் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இழுபட்டு அடங்கிப்போகும். மணிலாவிலிருந்து வரும் வெரித்தாஸ் தமிழ் ஒலிபரப்பில் நத்தார்ப் பாட்டுக் கேட்டபோதுதான் திருநாள் நெருங்கிவிட்டது எங்களுக்கு உறைத்தது.

கொண்டாட யாருக்கு மனம் வரும்? ஜூலை 9 அன்று நவாலித் தேவாலயத்தில் தஞ்சமிருந்தவர்கள்மேல் விமானம் குண்டு போட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். இந்த வருசம் பலகாரம் இல்லையென்று அம்மா சொல்லிவிட்டார்.

அது ஆச்சியின் காதில் விழுந்தது. "திருநாளண்டு பிள்ளையளின்ர வாய் காயக் கூடாது. அரிசியை ஊறப்போடு மோனை" என்றார். ஆச்சி சைவம். அது பிள்ளையார் பெருங்கதைக் காலம். ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் இருந்தார். சீனி விலை எட்டாததால் தன் வீட்டுப் பனங்கட்டியையும் தேங்காயெண்ணெயையும் எடுத்து வைத்தார். நான் ஜாம் போத்தல் விளக்கை அடுப்புக்குக் கிட்டப் பிடித்தேன். அடியில் பஞ்சு, அதில் ஊறிய கொஞ்ச மண்ணெண்ணெய், கம்பியில் கோத்த திரி, அவ்வளவுதான் அந்த விளக்கு. ஆச்சி பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, இரண்டு விரலால் உருட்டிப் பதம் பார்த்தார். சட்டி நிறைய அரியதரம் சுட்டார். ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை.

இரவில் வெளிச்சம் தெரிந்தால் விமானம் வரும் என்ற பயத்தில் நடுச்சாமப் பூசை இல்லை. 24 ஆம் திகதி பின்னேரமே பள்ளிக்கூட மண்டபத்தில் பூசை நடந்தது. பாலன் குடிலுக்குப் பனையோலை வேய்ந்து, அதன்மேல் அப்பாவின் வலையை இழுத்துக் கட்டியிருந்தார்கள். பாலனை முத்தி செய்யப் போன நவாலித் தாய் ஒருவர் குனிந்தவர் நிமிரவேயில்லை. பின்னால் நீண்ட வரிசை. ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை, சுவாமியும் பாலனைப் பிடித்தபடியே நின்றார்.

1996 ஏப்ரலில் தென்மராட்சியும் இராணுவத்தின் கைக்குப் போனது. எத்தனையோ பேர் வன்னிக்குப் போனார்கள். நாங்கள் குருநகருக்குத் திரும்பினோம்.

அந்த இடப்பெயர்வைப் பற்றி எழுதுகிறவர்கள் படை நகர்ந்த பாதையை எழுதுகிறார்கள். அகதிகளுக்கு வளவைத் திறந்துவிட்ட தென்மராட்சிச் சனங்களைப் பற்றி எழுதியது போதாது. உங்கள் வீட்டில் அந்தக் காலத்தைக் கண்டவர்கள் இருந்தால், யாருடைய வளவில் இருந்தீர்கள், யார் சோறு போட்டார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்த ஆச்சிமாரில் பலர் இப்போது உயிரோடு இல்லை.