600 லைக், வந்தது பூஜ்யம்

எங்க ஊர் பொத்தேரியில சாயங்காலம் ஆறு மணிக்கு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நின்னு பாருங்க. எஸ்.ஆர்.எம். புண்ணியத்துல எங்க திரும்பினாலும் மாணவர் கூட்டம்தான். எல்லார் கையிலயும் போன். அப்பேர்ப்பட்ட ஊர்ல, சனிக்கிழமை ஒரு மணி நேரம் கணக்கு சொல்லித்தர ரெண்டு பேர் கிடைக்காம ஒரு சின்ன அறக்கட்டளை திண்டாடுதுன்னா நம்புவீங்களா?

நண்பர் ஒருத்தர் நடத்துறார். கட்டட வேலை, வீட்டு வேலைக்குப் போறவங்களோட பிள்ளைங்க முப்பது பேர் வர்றாங்க. "இன்ஸ்டாவுல 600 லைக் விழுந்துச்சு, ஒருத்தன் வரலையேப்பா"ன்னு புலம்பினார். எடுத்துப் பார்த்தேன். குழந்தைகள் படம், கீழே "கல்வியே கண்! கரம் கோர்ப்போம்!" அவ்வளவுதான். கரம் கோர்க்கிறவன் எங்க வரணும், எத்தனை மணிக்கு வரணும், வந்து என்ன செய்யணும்? ஒண்ணும் இல்லை. லைக் போட்டவனைத் திட்டிப் பிரயோசனம் இல்லைங்க. அவன்கிட்ட கேட்டதே அவ்வளவுதான்.

இந்த விஷயத்துல நான் எப்பவும் சொல்ற உதாரணம் சென்னை ஆமை நடை. மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்புன்னு ஒரு தன்னார்வக் குழு 1988-லேர்ந்து நடத்துது. பங்குனி ஆமைகள் முட்டையிட வர்ற மாசங்கள்ல ராத்திரி நேரத்துல நீலாங்கரையிலேர்ந்து பெசன்ட் நகர் வரைக்கும் மணல்ல நடப்பாங்க. முட்டைகளைப் பத்திரமா எடுத்துட்டுப் போய் வேலி கட்டின இடத்துல புதைப்பாங்க. சுமார் 45 நாள்ல குஞ்சு பொரிஞ்சதும் கடல்ல விடுவாங்க. வாரக் கடைசியில பொதுமக்களும் கூட நடக்கலாம். உருக்கமான வசனம் எதுவும் கிடையாது; இந்த நாள், இந்த இடம், வாங்க, நடங்க. ஆமையே கண்ல படாத ராத்திரியும் உண்டு. ஆனா கால் வலிக்க நடந்தவன் அந்தக் கடற்கரையை மறக்க மாட்டான். 2025 ஜனவரியில சென்னை, செங்கல்பட்டு கரையோரம் ஆயிரத்துக்கும் மேல ஆமைகள் செத்து ஒதுங்கினப்போ போன்ல படங்கள் பரவுச்சு. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாவே வழக்கு எடுத்துச்சு. எந்தக் கரையில எத்தனைன்னு கணக்கோட பேச, அங்க வருஷக்கணக்கா நடந்து பழகின ஆட்கள் இருந்தாங்க. வெறும் லைக்கை வச்சு அப்படி ஆட்களைச் சேர்க்க முடியுமா?

கேக்கத் தெரியணும், சரி. போதும்னு சொல்லவும் தெரியணும். 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினத்துல ரோட்டோரம் குவிஞ்சு கிடந்த பழைய துணி ஞாபகம் இருக்கா? 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல தாம்பரத்துல 49 செ.மீ. மழை. முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் தண்ணிக்குள்ள. முகம் தெரியாத பசங்க இணையத்துல பொது அட்டவணை போட்டு, எங்க சாப்பாடு, எங்க படகு, எங்க தங்க இடம்னு தொகுத்தாங்க. பெரிய வேலை அது. அதுலயும் பெரிய தலைவலி பழைய தகவல்தான். ஆளை மீட்டு முடிச்ச பிறகும் 'உடனே உதவுங்க' சுத்திக்கிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு நம்பருக்கும் போன் போட்டுக் கேட்டு 'முடிஞ்சது'ன்னு குறிச்சவங்களுக்குத்தான் நான் கோயில் கட்டுவேன் :-)

நண்பர் கதைக்கு வர்றேன். அவருக்கு ஆள் வரலைங்கிறதை விடப் பெரிய சிக்கல் அந்தப் படம்தான். அதுல 'ஆதரவற்ற குழந்தைகள்'னு வேற எழுதியிருந்தாங்க. ஒரு பொண்ணோட அம்மா வந்து கேட்டாங்களாம்: "சார், நான் நாலு வீட்டுல வேலை செஞ்சுதான் எம்பொண்ணை வளக்குறேன். அது எப்படி ஆதரவு இல்லாத புள்ளையாகும்? ஸ்கூல்ல படத்தைக் காட்டிக் கிண்டல் பண்றாங்க சார்." அந்தப் பொண்ணு மூணு வாரமா வகுப்புக்கு வரலை.

யாருக்காக நடத்துறோமோ அவங்களே வராம போயிட்டா, 600 என்ன, ஆறு லட்சம் லைக் வந்து என்ன? நாம எழுதுறதை அவங்க வீட்டுல உக்காந்து படிச்சா தலை குனியற மாதிரி இருக்கக் கூடாது. அந்தம்மா கையிலயும் போன் இருக்குங்க.

படத்தைத் தூக்கிட்டார். புதுசா நாங்க ரெண்டு பேரும் உக்காந்து எழுதினது இவ்வளவுதான்: "சனிக்கிழமை மாலை 5 மணி. ஆறாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லித்தர 2 பேர் வேணும். ஒரு மணி நேரம். தமிழ் பேசத் தெரியணும்." கூடவே இடம், போன் நம்பர். படம் கிடையாது.

மொத்தம் 38 லைக். நாலு பேர் வந்தாங்க. அடுத்த வாரமும் வந்தது ரெண்டு பேர். அன்னிக்கே "இந்த மாசத்துக்கு ஆள் போதும், நன்றி"ன்னு போட்டுட்டார். நண்பர் நேர்ல போய் அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கார். பொண்ணு இன்னும் வரலை. தம்பியை மட்டும் அனுப்புறாங்க.

பி.கு: ஆமை நடைக்குப் போறவங்க கவனத்துக்கு: டார்ச், செல்போன் வெளிச்சம் கூடாது. குஞ்சுங்க கடல்னு நினைச்சு வெளிச்சத்துப் பக்கம் போயிடும்.