ஒத்து ஊதுவோர்

கார்த்திகை பிறந்துவிட்டால் சென்னைச் சபாக்களின் மார்கழி நிகழ்ச்சி நிரல் அச்சாகி வெளிவந்துவிடுகிறது. எந்த நாளில், எந்த வேளையில், யார் பாடுவார், பக்கவாத்தியம் யார் யார் என்பதெல்லாம் அதில் ஐயமின்றிக் குறிக்கப்பட்டிருக்கும். அதே கார்த்திகையில் பரளச்சியில் நாங்கள் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் கச்சேரிக் காலத்தின் நிகழ்ச்சி நிரல் அங்கேதான் எழுதப்படுகிறது.

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதனோடு அகில இந்திய இசை மாநாடு ஒன்றும் நடைபெற்றது. அதன் பயனாக 1928-இல் மியூசிக் அகாடமி தோன்றியது. மார்கழிப் பருவம் பின்னர் பல சபாக்களால் வளர்ந்து பெருகியது. அந்தப் பருவத்தை மனிதர் கூடி முடிவு செய்தனர். எங்கள் பகுதியின் மேளப் பருவத்தையோ நிலமும் மழையும் முடிவு செய்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகவேண்டும். கரிசலில் மிளகாயும் பருத்தியும் மல்லியும் பிழைக்கவேண்டும். வத்தல் காய்ந்து விருதுநகர்ச் சந்தைக்குப் போகவேண்டும். அதன் பிறகே ஊரில் தலைக்கட்டு வரி போடப்படும். அந்த வரியிலிருந்தே பங்குனிப் பொங்கலுக்கும் சித்திரைக் கொடைக்கும் ஆடி முளைப்பாரிக்கும் மேளம் பேசப்படும். வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கைமாறினால்தான் குழுவினருக்கு அந்த ஆண்டு பருவம் உண்டு, இல்லையேல் இல்லை.

எங்கள் பக்கத்து நையாண்டி மேளக் குழுவை வாசகர் பலர் அறிவர். இரண்டு நாதசுரம், இரண்டு தவில், பம்பை, உறுமி, தமுக்கு, தாளம். அருகிலுள்ள ஒரு சிற்றூரில் அத்தகைய குழு ஒன்று இருக்கிறது. அண்ணன் தம்பியரும் மைத்துனரும் அவர்தம் பிள்ளைகளுமாகச் சேர்ந்த குழு. மழைக்காலத்தில் அவர்களுக்கு வாசிப்பு இல்லை. ஆனால் வேலை உண்டு. நாதசுரத்தின் சீவாளிகளை ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்து, குரல் கெட்டவற்றைத் தள்ளி, நல்லவற்றை நூலில் கோத்து வைக்கிறார்கள். தளர்ந்த வார்களை இறுக்குகிறார்கள். வளைந்த குச்சியால் உறுமியின் தோலை இழைத்து, அந்த உறுமல் சரியாக எழுகிறதா என்று சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அண்மையில் அவர்கள் வீட்டுத் திண்ணையில் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மூத்த தவில்காரர் தோலைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “மழை பேஞ்சா தோலு தொய்ஞ்சு போகுது சாமி. பேயலைன்னா நாங்க தொய்ஞ்சு போறோம்” என்றார். வாத்தியத்தின் பகையே வாத்தியக்காரரின் வாழ்வாக இருக்கும் இந்த முரணை அவர் வேடிக்கையாகச் சொன்னாலும், அதற்குள் ஒரு குடும்பத்தின் ஆண்டுக் கணக்கு முழுவதும் அடங்கியிருந்தது.

ஆனால் இப்போது மழை மட்டும் அவர்களுடைய கவலை அன்று. நன்றாக மழை பெய்து, வத்தல் நல்ல விலைக்குப் போன ஆண்டிலும் அச்சாரம் வராமல் போவதுண்டு. ஒலிபெருக்கி வந்துவிட்டது, ஒரு சிறு கருவிக்குள் ஆயிரம் பாடல்கள் வந்துவிட்டன, விசையை அழுத்தினால் தவில் ஒலியும் உறுமி ஒலியும் எழுப்பும் கீபோர்டு வந்துவிட்டது. எட்டுப் பேருக்குச் சோறும் கூலியும் எதற்கு என்று விழாக்குழுவினர் கேட்கிறார்கள். இளைஞர்கள் திருப்பூருக்கும் சிவகாசிக்கும் போகிறார்கள். வருமானம் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. திருவிழாவில் தோளில் சுமந்து வாசித்தவரை மறுநாள் தேநீர்க் கடையில் தள்ளி நிற்கச் சொன்ன வழக்கத்தை அவர்களுடைய தந்தையர் மறக்கவில்லை. பிள்ளைகளுக்கு அந்த வாத்தியம் கையில் கனப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே பழைய மேளக் குழுக்களில் இருந்த ஒருவரை நினைவுகூர விரும்புகிறேன். அவர் ஒத்துக்காரர். நாதசுரம் போன்ற ஒரு குழலில் ஒரே சுரத்தை விடாமல் ஊதிக்கொண்டிருப்பது அவர் வேலை. கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டே மூக்கால் மூச்சை வாங்கி, இடைவெளி தெரியாமல் ஊதவேண்டும். நாதசுரக்காரர் இராக ஆலாபனையில் எங்கெங்கோ போய் வருவார், மக்கள் தலையசைப்பர். ஒத்துக்காரரை எவரும் கவனிப்பதில்லை. ‘ஒத்து ஊதுகிறான்’ என்று பிறர் சொல்லுக்குத் தலையாட்டுபவனை இகழவும் நம் மொழியில் அவர் தொழிலையே எடுத்துக்கொண்டோம். ஆனால் அந்த ஒரு சுரம் நிலையாக நின்றதால்தான் மற்றவர் தத்தம் சுருதியை விட்டு விலகாமல் இருந்தனர். இப்போது அவரிடத்தைப் பெரும்பாலும் சுருதிப் பெட்டி பிடித்துக்கொண்டது.

ஒரு குழுவின் பருவத்திற்கும் இப்படி ஓர் ஒத்து வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. வாசிப்பவர் அல்லர் அவர், கேட்பவர். ‘இந்த ஆண்டும் நீங்கள்தான் வரவேண்டும்’ என்ற ஒரே சொல்லை ஆண்டுதோறும் மாறாமல் சொல்லும் ஊரே அந்த ஒத்து. அந்தச் சொல் நின்றுபோனால் எவ்வளவு திறமை இருந்தும் என்ன பயன்? யாருக்காகச் சீவாளியைத் தேர்வது? யாருக்காகச் சிறுவனை உட்காரவைத்துத் தாளம் போடச் சொல்வது?

உலகம் இவர்களை மறந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. மதுரைப் பகுதியைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நரசிங்கம்பேட்டை நாதசுரத்திற்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பண்ணைப்புரம் என்னும் சிற்றூரில் பிறந்த இளையராஜா, 2025 மார்ச் 8-ஆம் நாள் இலண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு தம் சிம்பொனியை அரங்கேற்றினார். இவை பெருமைக்குரியவை. எனினும் விருதும் குறியீடும் பங்குனி மாதத்து அச்சாரத்திற்கு ஈடாகா. அதை அந்தந்த ஊர்தான் தரவேண்டும்.

திருச்சபைக்கும் இதில் பங்குண்டு. மக்களின் சொந்த இசை மரபுகளுக்கு வழிபாட்டில் உரிய இடம் தரவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு 1963-ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியது. மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005-இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டுகளிலேயே வழிபாட்டை அமைத்துக் காட்டினார். நாமோ ஏட்டில் அதை ஏற்றுக்கொண்டு, பீடத்தருகே கீபோர்டை வைத்துவிட்டு நிறைவடைந்துவிடுகிறோம்.

எங்கள் ஊர்த் திருவிழா மே மாதம் வருகிறது. சென்ற ஞாயிறு பங்குப் பேரவையில் இதுபற்றிப் பேசினோம். கருத்து ஒன்றாக இல்லை. மழை நிலவரம் தெரியாமல் இப்போதே அச்சாரம் கொடுத்துவிட்டால், விளைச்சல் பொய்த்தால் வரி கட்ட இயலாதவர் நிலை என்ன என்று ஓர் அம்மா கேட்டார். கணவரை இழந்து, அரை ஏக்கர் மிளகாயை நம்பி வாழ்பவர் அவர். அவர் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வாத்தியக்காரரின் வயிற்றை நிரப்ப ஏழையின் வயிற்றில் கைவைப்பது விழா ஆகாது. நெடுநேரம் பேசினோம். முடிவில், வாணவேடிக்கையையும் வண்ண விளக்குத் தோரணத்தையும் குறைப்பது, வரியை உயர்த்துவதில்லை, இயலாதவரிடம் கேட்பதில்லை, மேளத்திற்கு மட்டும் கார்த்திகையிலேயே வெற்றிலை பாக்கு வைப்பது என்று தீர்மானித்தோம். வேடிக்கை குறைந்தால் இளைஞர்கள் முணுமுணுப்பார்கள். அதையும் கேட்டுக்கொள்ளவேண்டியதுதான்.

கொடுப்பது பெரிய தொகை அன்று. ஆனால் இப்போது கொடுப்பதில் ஒரு பொருள் இருக்கிறது. விளைந்த பிறகு கொடுப்பது விலை. விளையுமுன் கொடுப்பது நம்பிக்கை. உழவன் விதைக்கும்போது அதைத்தான் செய்கிறான். மழை உறுதியான பிறகு விதைப்பேன் என்று எந்தக் கரிசல் சம்சாரியும் காத்திருந்ததில்லை.

வாசகர்களே, உங்கள் ஊரிலும் ஒரு மேளமோ பறைக்குழுவோ பேண்டு வாத்தியக் குழுவோ இருக்கக்கூடும். அவர்கள் இப்போது வேலையின்றி வீட்டில் இருப்பார்கள். உங்கள் திருவிழாவிற்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. ஒரு மாலை அவர்கள் வீட்டுக்குப் போய், நாளைச் சொல்லி, வெற்றிலையைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர்கள் தரும் தண்ணீரையும் வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள்.