ஐந்நூறு டாலர் காரும் என் கணக்கு நோட்டும்

"மாமா, ஏதோ ஐந்நூறு டாலர் கார் ரேஸாம். நாலு பேர் சேர்ந்து ஓட்டறாங்களாம். ஆளுக்கு நூத்தி இருபத்தஞ்சு டாலர்தான்னு உங்க பிள்ளை சொல்றார். நிஜமா?"

மருமகள் சுதா இப்படிக் கேட்டபோது நான் பேப்பர் படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன். பேப்பர் தலைகீழாக இருந்ததை அவள் கவனித்தாளா என்பது இன்றுவரை தெரியாது.

2014-ல் நானும் என் மனைவியும் கலிஃபோர்னியாவில் பிள்ளை வீட்டில் ஆறு மாதம் இருந்தோம். அமெரிக்கா போகிற அப்பாக்களுக்கு அங்கே என்ன வேலை என்பது உங்களுக்கே தெரியும். காலையில் வாக்கிங். மத்தியானம் மெஷினில் பாத்திரம் அடுக்குவது. சாயங்காலம் பேத்தியை ஸ்கூலிலிருந்து அழைத்து வருவது. இடைப்பட்ட நேரத்தில், பார்க்கிற விலையையெல்லாம் அறுபதால் பெருக்கி நெஞ்சைப் பிடித்துக்கொள்வது.

இந்த நிலைமையில்தான் முரளி ஒரு நாள், "அப்பா, ஒரு டீமுக்குக் கணக்கு எழுதணும். பாத்துக்கறீங்களா?" என்றான். முப்பத்தாறு வருஷம் பாங்க்கில் குப்பை கொட்டியவன் நான். அதிலும் கடைசி பதினோரு வருஷம் இன்ஸ்பெக்ஷன். கணக்கு என்றதும் கை பரபரத்தது. அன்றைக்கே கடைக்குப் போய் ஒரு நோட்டு வாங்கினேன். ஒன்றே முக்கால் டாலர். அதுதான் முதல் பற்று. (பிறகு அதை என் கைக்காசாக்கி அடித்துவிட்டேன்.)

ரேஸின் பெயர் 'ட்வென்டிஃபோர் அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்'. பிரான்சில் லெ மான் என்ற ஊரில் 1923-லிருந்து இருபத்துநாலு மணி நேர கார் ரேஸ் நடக்கிறதல்லவா, அதைக் கிண்டல் செய்து வைத்த பெயர். உதவாக்கரை காரை அமெரிக்காவில் 'லெமன்', அதாவது எலுமிச்சம்பழம் என்பார்கள். 2006-ல் ஜே லாம் என்பவர் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்தது, இப்போது நாடு முழுக்க நடக்கிறது. லைசென்ஸ் வைத்திருக்கும் சாமான்யன் எவனும் ஓட்டலாம். ரேஸ் லைசென்ஸ் வேண்டாம். பெயரில்தான் இருபத்துநாலு மணி. பெரும்பாலும் சனி, ஞாயிறு இரண்டு பகலும் சேர்த்துப் பதினைந்து மணி நேரம் தேறும். ஒருவர் இறங்க, ஒருவர் ஏற, வண்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

முக்கியமான விதி: கார் ஐந்நூறு டாலருக்கு மேல் போகக் கூடாது. வாங்கிய விலை, ஓட வைக்கச் செய்த செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மீறினால் அபராதமாகச் சில ரவுண்டுகளைக் கழித்துவிடுவார்கள்.

'அட, சிக்கனமான பந்தயமாக இருக்கிறதே' என்று நானும்தான் ஏமாந்தேன்.

எங்கள் கார் கிழட்டு ஜப்பான் வண்டி. முரளியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசுதான் சின்னது. விலை 450 டாலர். கராஜில் கொண்டுவந்து நிறுத்தியதும் நாலு பேரும் (முரளி, ஒரு கோயமுத்தூர்ப் பையன், ஒரு லூதியானாக்காரர், டேவ் என்ற அமெரிக்கர்) கல்யாண மண்டபத்தைக் காலி செய்வதுபோல் உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றினார்கள். சீட்டு, ரேடியோ, கதவு அட்டை எதையும் விடவில்லை. கழற்றியதை விற்று வரும் காசை கார் விலையில் கழித்துக்கொள்ளலாமாம். 190 டாலருக்குப் போனது. ஆக நிகர விலை 260. வாட்டர் பம்ப், பெல்ட், ப்ளக் என்று 175. மொத்தம் 435. கீழே இரட்டைக் கோடு போட்டேன். ஐந்நூறுக்கு இன்னும் அறுபத்தைந்து பாக்கி! அன்றிரவு எனக்கு நிம்மதியான தூக்கம்.

மறுநாள் முரளி ஒரு பில்லை நீட்டினான். 2,200 டாலர்.

"என்னடா இது?"

"கூண்டுப்பா. வண்டி உருண்டா நசுங்காம இருக்க உள்ளே இரும்புக் குழாயிலே வெல்டிங் பண்றது. இது ஐந்நூறுலே சேராது. சேஃப்டி சாமான் எதுவும் சேராது. டயரும் பிரேக்கும்கூட சேராது."

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள்? அதற்கப்புறம் நோட்டு பட்டிமன்றப் பேச்சாளர் மாதிரி நிற்காமல் போக ஆரம்பித்தது. ரேஸ் சீட்டு 340. ஆறு வார் உள்ள பெல்ட்டு 130. அந்த பெல்ட்டுக்கு மருந்து பாட்டில் மாதிரி எக்ஸ்பயரி தேதி உண்டு! பழசு ஒன்று நாற்பது டாலருக்குக் கிடைக்கும் என்று நானே தேடிப் பிடித்துச் சொன்னபோது, தேதி தாண்டியது செல்லாது என்றுவிட்டார்கள். தீயணைப்பானும் பாட்டரியை அணைக்கும் சுவிட்சும் 110. நாலு டயர் 440. பிரேக் கட்டை இரண்டு செட் 260. தீப்பிடித்தாலும் சில விநாடி தாங்கும் அங்கி, ஷூ, கையுறை ஆளுக்கு 310. ஹெல்மெட் ஆளுக்கு 270. பைக் ஹெல்மெட் உதவாது, இதற்கென்று தனி முத்திரை உண்டு. போதாதற்கு நுழைவுக் கட்டணம் 1,180. ஓடப்போகிற காரைப்போல இரண்டு மடங்குக்கு மேல், ஓடவிடுவதற்கான சீட்டு!

இந்தக் கட்டத்தில்தான் சுதா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்து தொண்டையில் நின்றது. 1975. நான் சென்னையில் க்ளார்க். சோழவரத்தில் கார் ரேஸ். யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி ஓட்டுவார்கள். பாரிமுனையில் பஸ் பிடித்துப் போய்விட்டு, வீட்டில் "ஓவர்டைம்" என்றேன். அப்பா என் சட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எந்த கவுன்ட்டர்லடா செம்மண் குடுக்கறாங்க?" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. டிக்கெட் காசுக்காக இல்லை, பொய்க்காக.

அதனால் நோட்டை எடுத்து வந்து சுதாவிடம் கொடுத்தேன். முரளியைக் காட்டிக் கொடுத்தேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். முப்பத்தாறு வருஷத்தில் பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடாதவன், பிள்ளைக்காக ஆரம்பிக்க முடியுமா?

சுதா ஒவ்வொரு வரியாகப் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு இடத்தில் மட்டும் விரல் நின்றது.

"மாமா, இது என்ன? கழுத்துப் பட்டை, ரெண்டு, ஆயிரம்?"

முரளி எனக்குச் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். தோளில் வளையம் மாதிரி உட்காரும், அதன் மேல் பெல்ட்டு போகும், அதிலிருந்து இரண்டு வார் ஹெல்மெட்டில் மாட்டும். வண்டி திடீரென்று முட்டி நின்றால் உடம்பை பெல்ட்டு பிடித்துக்கொள்ளும், தலையை எதுவும் பிடிக்காது. ஹெல்மெட் கனத்தோடு தலை முன்னால் வீசப்படும். 2001-ல் டேட்டோனா பந்தயத்தின் கடைசி ரவுண்டில் டேல் எர்ன்ஹார்ட் என்ற பெரிய சாம்பியன் சுவரில் மோதி மண்டையோட்டின் அடிப்பாகம் முறிந்து இறந்தார். அவர் இந்தப் பட்டையைப் போட்டிருக்கவில்லை.

"அது சரி. ஏன் ரெண்டு?"

"ஒருத்தர் ஓட்டும்போது அடுத்தவர் தயாரா இருக்கணும். மாத்தி மாத்திப் போட்டுக்கலாம்னு... சிக்கனம்." யோசனை என்னுடையது என்பதைச் சொல்லவில்லை.

"அவசரத்துலே மாத்தும்போது ஒரு வார் சரியா மாட்டலேன்னா? ஒருத்தர் அளவு இன்னொருத்தருக்குச் சேரலேன்னா? நாலா வாங்கச் சொல்லுங்க மாமா." நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். வாசலில் நின்று, "நூத்தி இருபத்தஞ்சு டாலர் விஷயத்தை நான் அவர்கிட்டே தனியாப் பேசிக்கறேன்" என்றாள்.

பேசினாள். அன்று ராத்திரி முரளி என் ரூமுக்கு வந்து, "ஏம்ப்பா..." என்று ஆரம்பித்து, மேலே ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். மறுநாள் நோட்டில் இன்னொரு ஆயிரம் ஏறியது.

இந்த ரேஸில் காருக்கு வேஷம் கட்டுவது வழக்கம். எங்கள் கார் மெட்ராஸ் ஆட்டோவானது. மஞ்சள் பெயின்ட் இருபத்தாறு டாலர். டாஷ்போர்டில் அட்டையில் செய்த மீட்டர். ஓடாது என்பதால் அசல் போலவே இருந்தது. பின்னால் தமிழில் 'பிரசவத்துக்கு இலவசம்'.

ரேஸ் நடந்த தண்டர்ஹில் மைதானம் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே வில்லோஸ் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுற்றிலும் காய்ந்த மஞ்சள் குன்றுகள், நம்மூர் வெயில். வெள்ளிக்கிழமை சோதனை. முதலில் கூண்டு, பெல்ட்டு, ஹெல்மெட்டு எல்லாவற்றையும் ஒருவர் குடைந்து பார்க்கிறார். அதில் விளையாட்டே கிடையாது. அடுத்தது விலை விசாரணை. அங்கே முழுக்க விளையாட்டு. நீதிபதி அங்கியும் தலையில் டோப்பாவுமாக நிற்பவர்களுக்குப் பகிரங்கமாக லஞ்சம் கொடுக்கலாம்! என் மனைவி சுட்ட தேன்குழல் ஒரு டப்பா. வாழ்க்கையில் நான் கொடுத்த முதல் லஞ்சம். கை நடுங்கியது.

"இந்த கார் ஐந்நூறுக்குள்ளேயா?" என்று நீதிபதி இளக்காரமாகக் கேட்டார். நான் நோட்டை நீட்டினேன். வவுச்சர் நம்பர், தேதி, ரசீது ஒட்டிய பக்கம், கழற்றி விற்ற சாமானுக்கு வரவு. அவர் பக்கத்து நீதிபதியைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் தேன்குழலைக் கடித்தபடி ஐந்து நிமிஷம் படித்தார்கள். பிறகு தீர்ப்பு: "இவ்வளவு சுத்தமான கணக்கு நிச்சயம் பொய். ஒரு ரவுண்டு அபராதம்."

என் சர்வீஸில் இப்படி ஒரு அவமானம் நடந்ததில்லை.

சனிக்கிழமை காலை நூற்றுக்கு மேற்பட்ட ஓட்டை உடைசல்கள் வரிசையில் நின்றன. என் மனைவி நாலு டயரின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தாள். பக்கத்து டீம் அமெரிக்கர்கள் அர்த்தம் கேட்டுவிட்டு, எலுமிச்சம்பழம் எலுமிச்சம்பழத்தை நசுக்குகிறது என்று புரண்டு புரண்டு சிரித்து, தங்களுக்கும் நாலு கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

பெட்ரோல் போடுகிற சமயத்தில் மட்டும் யாரும் சிரிப்பதில்லை. எஞ்சினை அணைத்து, ஓட்டுகிறவர் இறங்கிவிட வேண்டும். ஊற்றுகிறவரும் முழு அங்கி, ஹெல்மெட்டோடு நிற்பார். பக்கத்தில் இன்னொருவர் தீயணைப்பானைக் குறிபார்த்துப் பிடித்திருப்பார். கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்து அமைதி.

மத்தியானம் முரளியின் முறை. ஒரு ரவுண்டுக்கு இரண்டே முக்கால் நிமிஷம். நான் வேலியோரம் நின்று வாட்ச் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். பதினோராவது ரவுண்டில் மூன்று நிமிஷம் ஆகியும் மஞ்சள் வண்டி வரவில்லை. நாலு நிமிஷம். தூரத்தில் குன்றுக்குப் பின்னால் புழுதி எழுந்து மெதுவாக அடங்கியது. மஞ்சள் கொடிகள் அசைந்தன. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். அந்த இங்கிலீஷ் எனக்குப் பிடிபடவில்லை. ஆறு நிமிஷம். என் மனைவி கேட்கிற கேள்விகளுக்கு நான் "வரும், வரும்" என்றேனாம். எனக்கு ஞாபகமில்லை. சுதா மட்டும் ஒன்றும் பேசாமல் பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஏழு வயதுப் பெண்ணை.

பதினான்காவது நிமிஷம் இழுவை வண்டி வந்தது. பின்னால் எங்கள் ஆட்டோ, மூக்கு நசுங்கி, பச்சைத் தண்ணீர் ஒழுகிக்கொண்டு. முன்னால் போன வண்டி சுழன்று குறுக்கே நின்றுவிட்டதாம். ஜன்னல் வழியாக ஹெல்மெட் வந்தது, அப்புறம் கழுத்துப் பட்டை, அப்புறம் என் பிள்ளை.

"ரேடியேட்டர் போச்சுப்பா. எழுதிக்கோங்க" என்றான்.

சுதா அவனிடம் போய்க் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பச் சொன்னாள். திருப்பினான். "ம்" என்றாள்.

மோதினால் யார் தப்பானாலும் நீதிபதிகளிடம் போய் நிற்க வேண்டும். ஆட்டோக்காரன் வேஷம் போட்டதற்காக முரளியை ஒரு தள்ளுவண்டியில் ஆள் ஏற்றி மைதானம் பூரா தள்ளச் சொன்னார்கள், பேரம் பேசியபடி. லூதியானாக்காரர் ஊருக்குள் போய் 140 டாலருக்கு ரேடியேட்டர் வாங்கி வந்தார். பக்கத்து டீமில் ஒருவர் தன் வண்டியை விட்டுவிட்டு வந்து எங்கள் வண்டியின் மூக்கைச் சம்மட்டியால் நிமிர்த்தினார். கூலி கேட்டதற்குத் தேன்குழல் இருக்கிறதா என்றார். இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் 'இதரம்' என்று போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டி ஓடியது. எத்தனையாவது இடம் என்று கேட்காதீர்கள். அங்கே மிகப் பெரிய கௌரவம், படுமோசமான வண்டியை வைத்துக்கொண்டு நன்றாக ஓட்டியவருக்குத்தான். அதற்கும் எங்களுக்குத் தகுதி இல்லை. எங்கள் வண்டி போதுமான அளவு மோசமில்லையாம்!

ட்ரெய்லர் வாடகை, பெட்ரோல், ரூம், சாப்பாடு, ரேடியேட்டர் எல்லாம் சேர்த்து மொத்தம் 10,741 டாலர். ஆளுக்கு 2,685 டாலர் 25 சென்ட். அறுபதால் பெருக்கினால் நாலு பேருக்குமாக ஆறு லட்சத்து நாற்பத்து நாலாயிரத்து நானூற்று அறுபது ரூபாய். மூன்று தடவை கூட்டினேன்; டாலி ஆனது. காரின் புத்தக மதிப்பு அப்போதும் 435தான்.

ஊருக்குத் திரும்பும்போது நோட்டை முரளியிடம் கொடுத்தேன். "நீங்களே வெச்சுக்கங்கப்பா" என்றான். அடுத்த வருஷம் போன் வந்தது. யாரோ கூண்டைப் பார்த்துவிட்டு வண்டியை 2,500-க்குக் கேட்கிறார்களாம். 435 மதிப்புள்ள சொத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் லாபம்! "குடுத்துடுடா" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சுதாவின் குரல்.

"மாமா, நோட்டு பக்கத்துலே இருக்கா? புது டயர் நாலு, 460. பெல்ட்டுக்கும் தேதி முடியப்போகுது, அதையும் எழுதிக்கோங்க."