ஒரு சென்ட் முதலாளி

எங்கள் ஊருக்கு ஐரோப்பாவிலிருந்து ஆள் வருவது புதிதல்ல. பால் பிரண்டன் 1931-ல் ரமணரைப் பார்த்துவிட்டுப் போய், 1934-ல் புத்தகம் போட்டார். அன்றிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். மார்கழி, தை மாதங்களில் செங்கம் ரோட்டில் வேட்டி கட்டினவர்களை எண்ணினால் பாதிப் பேர் வெள்ளைக்காரர்கள். (நம்மவர்கள் பேன்ட்.) அவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வருகிறார்கள். எங்கள் ஆட்களோ எதையாவது பிடித்துக்கொண்டு அங்கே போகப் பார்க்கிறார்கள்.

என் சித்தி பையன் பிடித்துக்கொண்டது ஒரு கம்பெனியை.

நான் ஆடிட்டர் ஆபீஸில் 19 வருஷமாக மற்றவர்கள் வருமானத்தைக் கூட்டிக் கழித்துப் பிழைப்பவன். அதனால் ‘கையெழுத்து’ என்ற வார்த்தை காதில் விழுந்தாலே சொந்தக்காரர்கள் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியும் பையனும் வந்தார்கள். சித்தி கையில் மஞ்சள் பை. பைக்குள் ஆறு பவுன் சங்கிலி.

“நாளைக்கு அடகுக் கடைக்குப் போறோம்ப்பா. அதுக்கு முன்னாடி நீ ஒரு வார்த்தை பார்த்துடு” என்றாள்.

விஷயம் இதுதான். பையன் யோகா டீச்சர்களுக்காக ஒரு சாஃப்ட்வேர் எழுதியிருக்கிறான். எந்த வகுப்பில் எத்தனை பேர், யார் பணம் கட்டினார், யார் ‘அடுத்த வாரம்’ என்றார் - எல்லாம் அதில் வந்துவிடும். நிஜமாகவே நல்ல சரக்கு. செங்கம் ரோட்டில் குளிர்காலத்துக்கு வந்து தங்கும் ஒரு ஜெர்மன் அம்மாள் முதல் கஸ்டமர். அந்த அம்மாள் ஊருக்குப் போய்ச் சொல்ல, பதினோரு பேர் சேர்ந்துவிட்டார்கள். மாசம் ஆளுக்கு 12 யூரோ. “அண்ணா, அங்கே ஒரு கம்பெனி இருந்தா அவங்க கார்டுலேயே மாசாமாசம் பணம் தானா வந்துடும்” என்றான். நியாயமான ஆசை.

அநியாயம் அடுத்ததில் இருந்தது. சென்னையில் ஒரு ஏஜென்ட். நாலரை லட்சம் கொடுத்தால் ஐரோப்பாவில் கம்பெனி பதிவு, முதலீட்டாளர் அந்தஸ்து, இரண்டு வருஷத்தில் குடும்பத்தோடு நிரந்தரக் குடியிருப்பு. பளபளா காகிதத்தில் நீலக் கடல், கோட்டு போட்ட மனிதர்கள், கை குலுக்கல். எந்த நாடு என்பது மட்டும் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில்: எஸ்டோனியா.

அந்த நாட்டைப் பற்றி நான் கொஞ்சம் படித்திருக்கிறேன். மொத்த ஜனத்தொகை 13 லட்சம் சொச்சம். கார்த்திகை தீபத்தன்று அந்த நாடே கிளம்பி வந்தாலும் எங்கள் ஊர் ஆட்டோக்காரர்கள் அசரமாட்டார்கள். ஆனால் மூளைக்காரர்கள். 2014 டிசம்பரில் ‘இ-ரெசிடென்சி’ என்று ஒன்று ஆரம்பித்தார்கள். உலகத்தில் ஏறக்குறைய யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். போலீஸ் துறை விசாரிக்கும். சரி என்றால் ஒரு அட்டை. டெல்லித் தூதரகத்தில் நேரில் கைரேகை வைத்து வாங்கிக்கொள்ளலாம். அட்டையை மெஷினில் சொருகி, ரகசிய எண்ணைத் தட்டினால் அதுதான் உங்கள் கையெழுத்து. திண்ணையில் உட்கார்ந்தபடி கம்பெனி பதிவு செய்யலாம். இதுவரை லட்சம் பேருக்கு மேல் வாங்கியிருக்கிறார்கள்.

“செலவு எவ்வளவு?” என்றாள் சித்தி.

“அட்டைக்கு அரசாங்கக் கட்டணம் 150 யூரோ. கம்பெனி பதிவுக்கு 265. முதலாளிகள் வெளிநாட்டில் இருந்தால் அந்த ஊரில் ஒரு தொடர்பு ஆளும் விலாசமும் வேண்டும். அதற்கு வருஷ வாடகை தனி.”

“முதல் போட வேணாமா?”

“முன்னே 2,500 யூரோ என்று இருந்தது. 2023 பிப்ரவரியிலிருந்து ஒரு சென்ட் போதும்.”

சித்தி முகம் மலர்ந்தது. “ஒரு சென்ட் வாங்கறதுன்னாலே இங்கே கிரிவலப் பாதையில என்ன விலை சொல்றான் தெரியுமா? அங்கே சும்மாவே தர்றானா?”

நிலமில்லை, காசு, நம்ம கணக்குக்கு ஒரு ரூபாய் என்று விளக்குவதற்குள் காபி ஆறிவிட்டது.

இதே கம்பெனியை ஜெர்மனியில் ஆரம்பித்தால் கதையே வேறு. அங்கே சாதாரண லிமிடெட் கம்பெனிக்கு முதல் 25,000 யூரோ. அதில் பாதி பதிவுக்கு முன்பே வங்கியில் இருக்க வேண்டும். நோட்டரியிடம் போயாக வேண்டும். எஸ்டோனியா மலிவு என்பதில் சந்தேகமே இல்லை. ஏஜென்ட் அதில் பொய் சொல்லவில்லை. பொய் ‘குடியிருப்பு’ என்ற சொல்லில் இருந்தது. இ-ரெசிடென்சி விசா இல்லை. அதை நீட்டினால் விமான நிலையத்தில் உள்ளே விடமாட்டார்கள். குடியுரிமை இல்லை, வரி விலாசமும் இல்லை. அந்த அரசாங்கமே இதைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது.

பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. “நீ எப்பவுமே இப்படித்தான்ணா. யாராவது மேலே ஏறினா காலைப் பிடிச்சு இழுப்பே” என்றான். எனக்குச் சுருக்கென்றது. அவனுக்கு வேண்டியிருந்தது கம்பெனி இல்லை, ஊரை விட்டுப் போக ஒரு வழி என்று அப்போதுதான் புரிந்தது. கம்பெனி எந்த நாட்டுக்கும் விசா இல்லாமல் போய்விடும். ஆள்தான் போக முடியாது. இந்த இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

“சரி, போறதை அப்புறம் பார்க்கலாம். கம்பெனி வேணுமா, வேணாமா?”

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். “வேணும்.”

அப்படியானால் சங்கிலி பைக்குள்ளேயே இருக்கட்டும் என்றேன். சித்தி அதை எடுத்து அங்கேயே கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

ஏஜென்ட் காகிதத்தில் ஒரு வரிகூட இல்லாத சமாசாரம் ஒன்று உண்டு. நம் ஊர்ச் சட்டம். எஸ்டோனியாவைப் பொறுத்தவரை இவன் அன்னிய முதலீட்டாளன். நம் ரிசர்வ் வங்கியைப் பொறுத்தவரை இவன் வெளிநாட்டில் நேரடி முதலீடு செய்யும் இந்தியன். டாட்டா பிர்லாவுக்கு உள்ள அதே பட்டம்! பட்டியலில் இல்லாத வெளிநாட்டுக் கம்பெனியில் ஒரே ஒரு பங்கு வாங்கினாலும் பட்டம் நிச்சயம். ஃபெரா காலத்தில் இதையெல்லாம் கனவிலும் நினைக்க முடியாது. 2000 ஜூனில் ஃபெமா வந்தது. 2013-ல்தான் தனி நபர்கள் வெளிநாட்டில் கம்பெனி ஆரம்பிக்கலாம் என்றார்கள். இப்போது நடப்பது 2022 ஆகஸ்டில் வந்த விதிகள். ஒரு நிதியாண்டில் ஒருவர் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். ஆனால் பங்குப் பணம் போவதற்கு முன் வங்கி வழியாக எஃப்.சி. என்ற படிவம் கொடுத்து, ரிசர்வ் வங்கியிடம் தனி எண் வாங்க வேண்டும். பணம் போன ஆறு மாதத்துக்குள் பங்குக்கு அத்தாட்சி காட்ட வேண்டும். வருஷா வருஷம் டிசம்பர் 31-க்குள் கம்பெனி எப்படி நடக்கிறது என்று அறிக்கை தரவேண்டும். தாமதமானால் கட்டணம்.

ஒரு சென்ட் அனுப்ப வங்கி கமிஷனே அதைப் போல ஆயிரம் மடங்கு ஆகும் என்பதால், 1,000 யூரோ முதல் என்று முடிவு செய்தோம்.

கிரிவலம் 14 கிலோமீட்டர், எட்டு லிங்கம். இவன் சுற்றியதும் ஏறக்குறைய அப்படித்தான். உள்ளூர் கிளையில் படிவத்தின் பெயரைச் சொன்னதும் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தம்பி, எஃப்.டி.ன்னா சொல்லுங்க, இப்பவே போட்டுத் தர்றேன்” என்றார். பாவம், அவர் மேல் தப்பில்லை. ஜமுக்காளம் ஏற்றுமதி செய்கிறவர்கூட அந்தக் கிளைக்கு வந்ததில்லை. சென்னையில் அன்னியச் செலாவணிக் கிளைக்கு அனுப்பினார். அங்கே மூன்று நடை. மூன்றாவது நடையில் ஒரு பெண் அதிகாரி பொறுமையாக உட்கார்ந்து, எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்று பென்சிலால் குறித்துக் கொடுத்தார். ஒன்பதாம் நாள் எண் வந்துவிட்டது. அந்தம்மா பெயரில் அர்ச்சனை செய்வதாகச் சித்தி வேண்டிக்கொண்டிருக்கிறாள். நட்சத்திரம் தெரியாததுதான் பாக்கி.

எட்டில் மூன்றாவது எமலிங்கம். நம் கணக்கில் அது வருமான வரி. எஸ்டோனியாவில் லாபத்தைக் கம்பெனிக்குள்ளேயே வைத்திருந்தால் வரி கிடையாது. பங்குதாரருக்குப் பிரித்துத் தரும்போதுதான் வரி, 2025 முதல் 22 சதவீதம். இதைக் கேட்டதும் பையன் குதித்தான். குதிக்காதே என்றேன். நீ உட்கார்ந்து வேலை செய்யும் நாற்காலி தேரடித் தெருவில் இருக்கிறது. உன் கைக்கு வரும் சம்பளமும் டிவிடெண்டும் இங்கே கணக்கில் வந்தாக வேண்டும். (இரண்டு நாட்டுக்கும் 2011-ல் கையெழுத்தான இரட்டை வரி ஒப்பந்தம் உண்டு.) ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துக்கென்று தனி அட்டவணை இருக்கிறது. 2015 கறுப்புப் பணச் சட்டத்தில் அதை மறைத்தால் அபராதம் 10 லட்சம் ரூபாய். சின்ன முதலீடுகளுக்கு 2024 அக்டோபரில் இந்த அபராதத்தைத் தளர்த்தினார்கள். அதற்காகக் காட்டாமல் விடலாம் என்று அர்த்தமில்லை. வருஷத்துக்கு ஒரு பக்கம் எழுத யாருக்கும் கை வலிக்காது.

போன மாதம் டெல்லிக்குப் போய் அட்டை வாங்கி வந்தான். சித்தி ரயிலுக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். “ஐரோப்பா போற பையனுக்கு” என்று எதிர்வீட்டில் சொல்லிக்கொண்டாள். நான் திருத்தவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்து, என் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து கம்பெனியைப் பதிவு செய்தான். விண்ணப்பம் போட இருபது நிமிஷம்.

ஏஜென்ட் இன்னும் போன் செய்கிறாராம், மூன்று லட்சத்துக்கு இறங்கிவிட்டார்.

ஜெர்மன் அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னோம். சந்தோஷப்பட்டார். பிறகு, அங்கே ஒரு தபால்பெட்டி இருந்தால் போதும், நீ இங்கேயே இரு, சாஃப்ட்வேரில் ஏதாவது மக்கர் செய்தால் யாரைக் கேட்பது என்றார். பையன் சிரித்தான். இப்போது கஸ்டமர் பதினேழு. எங்கள் ஆபீஸ் காலண்டரில் ஜூன் 30 என்ற தேதியை அவனே சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறான். எஸ்டோனியா ஆண்டறிக்கைக்குக் கடைசி நாள். டிசம்பர் 31-ஐ நான் வட்டமிட்டேன்.